பொம்பர் என்று கத்தக் கூடாது

அண்மையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரிய மனிதர், பாயாசத்தை உறிஞ்சிக்கொண்டே, "இந்த வீடியோ கேம் எல்லாத்தையும் அரசாங்கம் தடை செய்யவேணும், பிள்ளையள் நாசமாய்ப் போகுதுகள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து பாயாசம் புரையேறிவிட்டது. மனிதருக்குக் கோபம். இதில் என்ன பகிடி என்று கேட்டார். எங்களுக்கு அதையெல்லாம் அந்தக் காலத்திலேயே செய்து தந்துவிட்டார்கள் ஐயா என்றேன்.

பொய்யில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியை உள்ளே கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றால் எந்தப் பிள்ளை எதை விளையாடும்? உலகத்தில் வேறெந்த அரசாங்கமும் குழந்தைகளை வீடியோ கேமிலிருந்து இவ்வளவு சுத்தமாகப் பாதுகாத்திருக்காது. மேலேயிருந்து குண்டு போட்டதை மட்டும் விட்டுவிட்டால், எங்கள் மேல் அவர்களுக்கு இருந்த அக்கறையை மெச்சத்தான் வேண்டும்.

அப்படி இருந்தும் எங்கள் வீட்டுக்கு ஒரு கேம் வந்து சேர்ந்தது. பிரான்சில் இருந்த மாமா கொடுத்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதைப் பவுடர் தகரப் பேணிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார். கடைசிவரைக்கும் அதில் பவுடர் வாசம் போகவில்லை. உள்ளங்கை அளவு பெட்டி. அதன் சின்னத் திரையில் கீழே வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு துவக்கு. மேலே பிளேன்கள் வந்து குண்டு போடும். துவக்கை இடமும் வலமும் நகர்த்திப் பிளேனைச் சுட வேண்டும். தவறினால் வீடு போய்விடும். எல்லா வீடும் போனால் ஒரு ஒப்பாரிச் சத்தம். சிவப்புப் பொத்தானை அமத்தினால் எல்லா வீடும் திரும்பி வரும். பிரான்சில் இருந்து யோசித்து யோசித்து, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பொருத்தமான விளையாட்டு இதுதான் என்று எங்கள் மாமா முடிவு கட்டியிருக்கிறார். அவருடைய மூளையை என்னவென்று சொல்ல!

அது வந்தது என் தம்பிக்காக. அவனுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதின்மூன்று. நாங்கள் இருந்தது யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. அப்பா மீன்பிடிக்கிறவர். கடலுக்குப் போகவும் தடை இருந்ததால், பின்னிய வலையையே பிரித்துத் திரும்பப் பின்னிக்கொண்டு வீட்டில் இருந்தார். ஒரு நாள் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், அவன் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு வீட்டின் மேல் பொம்பர் பிளேன் குண்டு போட்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஓடி வந்து எங்கள் வீட்டு வளவில் குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குள் இறங்கியவன், இறங்கியவன்தான். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே. கக்கூசுக்கு மட்டும் அப்பா அவனைத் தோளில் போட்டு, துவாயால் தலையை மூடிக்கொண்டு ஓடுவார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தாலே பிள்ளைக்கு வாந்தி வந்துவிடும்.

கடலோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும். அதனால் எங்கள் பங்கர் பாதி நிலத்துக்குக் கீழே, பாதி மேலே, மண் மூட்டையும் பனங்குற்றியும் அடுக்கிய ஒரு கூடு. அதற்குள் பிள்ளை நாள் முழுக்க இருந்து வெளிறிப் போனான். அம்மா கேட்காத கடவுள் இல்லை. அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார், தீர்த்தம் தெளித்தார். பங்குக் கோயில் சுவாமியாரைக் கூட்டிவந்து செபம் சொல்லுவித்தார். சுவாமியார் கொஞ்சம் பருத்த ஆள். உள்ளே இறங்கும்போது பிரச்சினை இல்லை. செபம் முடித்து ஏறும்போது பங்கர் வாயிலில் இறுகிவிட்டார். அப்பா கையைப் பிடித்து இழுக்க, நான் உள்ளேயிருந்து தள்ள, பெரிய பாடு. அன்றைக்குத் தம்பி சிரித்தான். அதற்காகவே சுவாமியாரை இன்னொரு முறை இறக்கலாமோ என்று அம்மா என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

பவுடர் வாசத்தோடு கேம் வந்ததும் அவன் அதோடு பங்கருக்குள் ஒட்டிக்கொண்டான். சின்னப் பொத்தான் பற்றரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? செத்துப் போயிற்று. அவன் அழுத அழுகையில் அப்பாவுக்குப் புத்தி வேலை செய்தது. அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் ரேடியோவில் செய்தி கேட்பது சைக்கிள் டைனமோவில்தான். சைக்கிளைப் பின் ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலை உழக்க, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் போய் அப்பா ஏதோ பொருத்திக்கொண்டு வந்து, அதே கம்பியைக் கேமில் இணைத்தார். வேலை செய்தது. ஒரே ஒரு சிக்கல், சைக்கிளைப் பங்கருக்குள் இறக்க முடியாது.

"விளையாட வேணுமெண்டா வெளியாலை வா" என்றார் அப்பா.

முதலில் தலை வெளியே வந்தது. பிறகு தோள். பங்கர் வாயிலில் இருந்து அவன் விளையாட, நான் வெயிலில் உழக்கினேன். உழக்குவதை நிறுத்தினால் கேம் செத்துவிடும், எடுத்த புள்ளியெல்லாம் போய்விடும், "அக்கா, உழக்கு! அக்கா, உழக்கு!" என்று கத்துவான். உழக்கினது நான், வீரன் அவன். அப்பா கெட்டிக்காரர். ஒவ்வொரு நாளும் சைக்கிளை ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்தார், கம்பியை நீட்டவில்லை. பிள்ளை தெரியாமலே சாண் சாணாக வெளியே வந்தான். ஒரு மத்தியானம் அவன் குசினி வாசலில் மாமரத்துக்குக் கீழே இருந்து சோறு தின்றதைப் பார்த்து அம்மா அடுப்படியில் நின்று அழுதார். வாசல் படலையைத் தாண்டி மட்டும் அவன் போகவில்லை. பள்ளிக்கூடம் என்றால் இன்னும் முகம் சுருங்கியது. ஆனாலும் எங்களுக்கு அது போதும் போல இருந்தது.

எங்கள் சந்தோசம் ஊருக்குப் பொறுக்குமா? ஒழுங்கைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வளவுக்கு வரத் தொடங்கின. ஒரு நாள் காலை, தம்பி ஒரே ஒரு வீடு மிச்சமாக வைத்து விளையாடிக்கொண்டிருக்க, அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், "பொம்பர்! பொம்பர் வருது! போட்டிட்டான்!" என்று கத்தின.

எங்கள் ஒழுங்கையில் பொம்பர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் எங்கள் வளவிலிருந்து வந்தால் இரண்டாம் பேச்சில்லை, ஏனென்றால் தம்பிக்குப் பாம்புக் காது, பெரியவர்களுக்குக் கேட்க முதலே அவனுக்குக் கேட்டுவிடும். ஒழுங்கை ஒரு நொடியில் காலியாகிவிட்டது. பக்கத்து வளவுக் கிளாக்கர் கிணற்றடியில் முகம் வழித்துக்கொண்டிருந்தவர், சவரப் பிளேட்டும் கையுமாகப் பங்கருக்குள் பாய்ந்தார். எதிர்வீட்டு ரீச்சர் அகப்பையோடு ஓடினார். அவர்தான் தம்பியின் வகுப்பு ரீச்சர், கோயிலில் முதன்முதல் நற்கருணை எடுக்கிற முதல் நன்மைக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கிறவரும் அவர்தான். எல்லோரும் உள்ளே இருந்து செபமாலை சொல்லி, ஒரு சத்தமும் இல்லாததைக் கண்டு மெல்ல வெளியே வந்தால், எங்கள் வீட்டில் கைதட்டல் கேட்கிறது. தம்பி அந்த ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டான்.

ரீச்சர் அகப்பையோடு படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எங்கையடா பொம்பர்?"

தம்பி ஒரு பாவமும் அறியாமல் திரையைக் காட்டினான். "இஞ்சை நிக்குது ரீச்சர்."

ரீச்சரின் கறி அடிப்பிடித்துப் போயிற்று. கிளாக்கருக்கு ஒரு கன்னத்தில் சவுக்காரம் காய்ந்து வெள்ளை வெளேரென்று நின்றது, மற்றக் கன்னம் மழுமழுவென்று இருந்தது. சவுக்காரம் கிடைப்பதே அருமையான காலம். மனிதர் அந்தக் கோலத்திலேயே அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வேலைக்குப் போனார், யாராவது கேட்டால் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் விசாரணை. சுவாமியார் நடுவில் கதிரையில், கிளாக்கரும் ரீச்சரும் இரண்டு பக்கமும்.

"உதைத் தடை செய்யவேணும் சுவாமி" என்றார் கிளாக்கர். "வெளிநாட்டிலை அரசாங்கமே உப்பிடிச் சாமானுகளைத் தடை செய்யுது."

"எங்கடை அரசாங்கமும் தடை செய்தது தானே ஐயா" என்றார் அப்பா. "அதாலை தானே நாங்கள் உழக்கிறம்."

சனம் சிரித்தது. கிளாக்கர் விடவில்லை. "பகிடி விடாதையும். நாளைக்கு உண்மையாப் பொம்பர் வந்து பிள்ளையள் கத்தினா, உதுகள் விளையாடுதுகள் எண்டு சனம் பேசாமல் இருக்கும். அப்ப ஆர் பொறுப்பு? நீரோ?"

மனிதரை எனக்கு அறவே பிடிக்காது, ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. ரீச்சர் இன்னும் மோசமாக ஒன்றைக் கேட்டார். "குண்டு விழுந்து வீடு போகுது. பேந்து பொத்தானை அமத்தினா எல்லா வீடும் திரும்பி வருது. செத்தது திரும்பி வரும் எண்டு பிள்ளையள் நம்பினா, நான் என்ன சொல்லிக் குடுக்கிறது?"

அம்மா அதுவரைக்கும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ரீச்சர், என்ரை பிள்ளை எத்தினை நாளாப் புதைகுழியிலை கிடந்த மாதிரிக் கிடந்தான். உதுதான் அவனை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. நீங்கள் உதைப் பறிச்சா அவன் திரும்பவும் உள்ளுக்குப் போடுவான். அவன் போனா ஆர் வந்து கூப்பிடுவியள்?"

சுவாமியார் தாடியைத் தடவினார். ஒன்றை ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது பாவம் என்றார். ஆகவே கேம் கம்பியோடு கொஞ்ச நாள் சுவாமியார் வீட்டில் இருக்கட்டும், மூன்று பேரும் நன்றாக ஆராய்ந்து முடிவு சொல்வார்கள் என்று கூட்டத்தைக் கலைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தம்பி அழவில்லை. எழும்பிப் போய்ப் பங்கருக்குள் இறங்கினான், அவ்வளவுதான். அம்மா திரும்பவும் சாப்பாட்டுக் கோப்பையைக் குனிந்து உள்ளே நீட்டத் தொடங்கினார். எனக்கு அந்த மூன்று பேரையும் கடித்துத் தின்ன வேண்டும் போல இருந்தது. நாள் போய்க்கொண்டே இருந்தது, ஆராய்ச்சி முடியவில்லை. கேட்டால், "இன்னும் முழுக்கப் பாக்கேல்லை" என்று பதில் வரும். ஒரு பின்னேரம் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, "வாடி பிள்ளை" என்று என்னையும் இழுத்துக்கொண்டு சுவாமியார் வீட்டுக்குக் கிளம்பினார்.

விறாந்தையில் நாங்கள் கண்ட காட்சியை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். சுவாமியாரின் சைக்கிள் ஸ்ராண்டில் நிற்கிறது. அதன் மேல் கிளாக்கர், வேட்டியை மடித்துக் கட்டி, வேர்த்து வழிய உழக்குகிறார். கதிரையில் ரீச்சர், மூக்குக் கண்ணாடி நுனியில் நிற்க, கேமோடு மல்லுக்கட்டுகிறார். சுவாமியார் அவருடைய தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, "இடப்பக்கம் ரீச்சர், இடப்பக்கம்! ஐயோ, கோயிலடி வீடு போகப் போகுது!" என்று துள்ளுகிறார்.

"கெதியா உழக்குங்கோ ஐயா!" என்று ரீச்சர் கத்தினார். "பொம்பர்! பொம்பர் வருது!"

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. சுவாமியாரின் குசினிக்காரர் "என்ரை மாதாவே!" என்று அலறிக்கொண்டு எங்களைத் தள்ளி விழுத்தாத குறையாக ஓடி, முற்றத்துப் பங்கருக்குள் தலைகீழாக விழுந்தார். கிளாக்கர் திடுக்கிட்டு உழக்குவதை நிறுத்திவிட்டார். கேம் செத்தது. ரீச்சர், "அநியாயம்! எவ்வளவு புள்ளி எடுத்து வைச்சனான்!" என்று நிமிர்ந்தவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும் அம்மாவைக் கண்டார்.

"ஆராய்ச்சி முடிஞ்சுதோ சுவாமி?" என்றார் அம்மா.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பங்கருக்குள்ளிருந்து குசினிக்காரர், "போட்டுதே? எங்கை போட்டவன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தீர்ப்பு வந்தது. கேமைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் விளையாடும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, முக்கியமாகப் பொம்பர் என்று கத்தவே கூடாது. இதற்குத் தம்பி கோயிலில் சுவாமிக்கு முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அவன் படலையைத் தாண்ட மாட்டான் என்று அப்பா சொன்னதும், கோயில் அவனிடம் வந்தது. சுவாமியார் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் கையில் கொண்டுவந்து பங்கர் வாயிலில் நின்றார். உள்ளே இறங்குவதில்லை என்று இந்த முறை உறுதியாக இருந்தார். தம்பி சுரூபத்தில் கைவைத்து, "இனிமேல் பொம்பர் எண்டு கத்த மாட்டன்" என்றான். சத்தியத்தை மீறினால் என்ன என்று ரீச்சர் கேட்டார். முதல் நன்மைக்குப் படிக்கிற பிள்ளையல்லவா, "பாவம், நன்மை எடுக்க ஏலாது" என்று கடகடவென்று ஒப்புவித்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வளவில் நடந்தது விளையாட்டா, பெரிய வெள்ளி வழிபாடா என்று தெரியாது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நிற்பார்கள். வீடு போனால் நெஞ்சில் கையை வைப்பார்கள், வென்றால் சத்தமில்லாமல் குதிப்பார்கள். சைக்கிள் சங்கிலி மட்டும் கிறீச் கிறீச் என்று கேட்கும். கிளாக்கர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். தம்பி திரும்பவும் மாமரத்தடிக்கு வந்துவிட்டான். எங்களுக்கு அதுதான் தேவை. ஊரெல்லாம் சேர்ந்து ஒரு சொல்லுக்குப் பூட்டுப் போட்டதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.

ஒரு பின்னேரம். பிள்ளைகள் ரியூசனுக்குப் போய்விட்டார்கள். அம்மா கிணற்றடியில், அப்பா வலையோடு. நான் உழக்க, தம்பி விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று தலையை நிமிர்த்தினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய முகம் வெளுத்தது. கேமைக் கீழே போட்டான். பங்கர் அவனுக்கு நாலெட்டுத் தூரத்தில்தான் இருந்தது, அதற்குள் பாயப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பாயவில்லை. படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு ஓடினான்.

அத்தனை நாளாகத் தாண்டாத படலை. "டேய், எங்கையடா போறாய்? விசரா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவன் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு கிளாக்கர் வீட்டுத் தகரப் படலையில் இரண்டு கையாலும் அடித்தான். கிளாக்கர் வந்து, என்னடா என்று அதட்ட, அவர் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து எங்கள் வளவுப் பக்கமாக இழுத்தான். அவரை விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினான். ரீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தான். ரீச்சர், "வாயைத் திறந்து சொல்லனடா, என்ன கோதாரி!" என்று திமிறினார். அவன் தலையை ஆட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் ஊத்துகிறது, வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

கிளாக்கர், ரீச்சர், அப்பா, அம்மா, நான் எல்லோரும் எங்கள் பங்கருக்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். தம்பி கடைசியாக இறங்கினான். குண்டு கடற்கரைப் பக்கமாக விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. மேலேயிருந்து மண் கொட்டியது. இன்னொன்று. பிறகு சத்தம் தூரப் போயிற்று.

இருட்டுக்குள் ரீச்சர் கேட்டார். "ஏன் ராசா, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சுவாமிக்கு முன்னாலை சத்தியம் பண்ணினனான்" என்றான் தம்பி. "சொன்னாப் பாவம்."

கிளாக்கர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். ரீச்சர் அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது விளையாட்டுக்கு மட்டும்தானடா, என்ரை குஞ்சு. உண்மையா வரேக்கை சொல்லலாம். எவ்வளவும் சொல்லலாம்."

அவன் மடியிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப இப்ப சொல்லட்டோ?"

"சொல்லு ராசா."

"பொம்பர்!" என்று கத்தினான். அந்தச் சின்னக் கூட்டுக்குள் எங்கள் காது அடைத்தது. "பொம்பர் வருது! கிளாக்கர் மாமா, ஓடி வாங்கோ! ரீச்சர், ஓடி வாங்கோ! பொம்பர்! பொம்பர்!" ஒழுங்கை முழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டு ஓடியதையெல்லாம், நாங்கள் அத்தனை பேரும் பக்கத்தில் உயிரோடு இருக்க, திரும்பத் திரும்பக் கத்தினான். தொண்டை கட்டிப் போகும்வரைக்கும் கத்தினான். ஒருவரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.